ஆகிலாவின் இரண்டாவது தாள்

ஆகிலாவைப் பற்றிக் கதைக்கிறதெண்டா முதல்ல அவட தாளைப் பற்றித்தான் கதைக்கோணும். சாய்ந்தமருது மெயின் ரோட்டோரம் உள்ள ஒரு வாகன விற்பனை நிலையத்தில பத்து வருசமா எழுத்து வேலை பார்க்கிற மனிசி அவ. ஜப்பானிலயிருந்து இறங்குற கார் ஒவ்வொண்டும் ஒரு ஓக்ஷன் சீட்டோட, அதாவது ஏலத்தில குடுக்கிற தாளோட வரும். கார்ட படம் கீறி அதில அங்கங்க எழுத்துப் போட்டிருப்பான். ஏ எண்டா கீறல், யூ எண்டா நசுங்கல், டபிள்யூ எண்டா டிங்கர் வேலை செய்த தடம். நகம் பட்ட இடத்தையும் விடமாட்டான். அந்தக் கார் நம்மட ரோட்டில உருளத் தொடங்கினா அதோட சரி. பத்து வருசத்துக்குப் பிறகு இங்கத்த விபத்து றிப்போட் எடுத்துப் பார்த்தா வெறும் வெள்ளைத் தாள்.

அப்ப நம்மட ஆக்கள் இடிபடுறதே இல்லையா? நல்ல கதை! நிந்தவூருக்கும் கல்முனைக்கும் இடையில ஒரு நாளைக்கு எத்தினை பம்பர் நசுங்குது எண்டு எண்ணி முடியுமா? ஆனா இங்க சின்ன இடியெல்லாம் ரோட்டிலயே முடிஞ்சிரும். ரெண்டு பேரும் இறங்கிச் சத்தம் போடுவாங்க. நாலு பேர் கூடுவாங்க. அதில ஒருத்தர் ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச ஆளா இருப்பார். பக்கத்துக் கடையில ஒரு பிளேன்டீயோட விசயம் முடியும். பொலிசுக்குப் போனா அலைச்சல், இன்சூரன்சுக்குப் போனா நோ கிளைம் போனஸ் போயிரும். பிறகு றிப்போட்டுக்கு எப்பிடித் தெரியும்?

விக்கிற சாமான்ட குறையை வாங்குறவருக்குச் சொல்லோணும். இது குர்ஆன் ஓதப் போன காலத்திலயே எல்லாரும் படிச்ச விசயம்தான், ஆனா கார் விக்கிற அண்டைக்கு மட்டும் மறந்துபோகும். ஆகிலா மறக்கல்ல. ஜப்பான் தாளுக்குப் பின்னால தன்ட கையால இன்னொரு தாள் எழுதி வைக்கத் தொடங்கினா. இந்த மண்ணுக்கு வந்த பிறகு அந்த வாகனத்துக்கு என்ன நடந்தது எண்டு அதில இருக்கும். அதுக்காக டிங்கர் கடை, பெயின்ட் கடை எல்லாம் ஏறி இறங்குவா. இடிச்சவரையும் கேப்பா, இடிபட்டவரையும் கேப்பா. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு ஒரு சொல் எழுதமாட்டா. முதலாளி முதல்ல முறைச்சார். பிறகு வீரமுனை, காரைதீவிலயிருந்தெல்லாம் ஆக்கள் வந்து, "அந்த ராத்தா எழுதின தாள் இருக்கா?" எண்டு கேக்கத் தொடங்கினதும் வாயை மூடிக்கிட்டார்.

இந்த வருசம், அவவை உண்மையிலயே ராத்தா எண்டு கூப்பிடுற சொந்தத் தம்பி அஹ்ஸன் தன்ட காரை அங்க விக்கக் கொண்டுவந்தான். பள்ளிக்கூட வேன் ஒண்டு வாங்குற யோசனை அவனுக்கு. ஆகிலா வழக்கம்போல, எங்கயும் இடிபட்டதா எண்டு கேட்டா. அவன் அங்கால பார்த்துக்கிட்டு, எழுத ஒண்டும் இல்ல எண்டான்.

டிங்கர் இப்றாஹிம் காக்காவிட்டக் கேட்டப்ப அவர் சிரிச்சார். ஆறு வருசத்துக்கு முந்தி அந்தக் காரை இடிபட்ட இடத்துக்கே போய் இழுத்து வந்து திருத்தினவர் அவர்தான். வெள்ளாமை வெட்டுக் காலத்தில, சொறிக்கல்முனை அரிசி ஆலைக்கு முன்னால, நெல்லு மூட்டை ஏத்தின உழவு டிராக்டர் மெசின்ட பெட்டி பின்னுக்கு வந்து கார்ட முகத்தில ஏறினதாம். செசி, அதுதான் கார்ட அடிச்சட்டம், அதிட நுனியையே இழுத்துத்தான் நேராக்கினவராம்.

நாலு காசு கூடக் கிடைக்கும் எண்டு தம்பி மறைக்கிறான், அதுவும் என்னட்டயே மறைக்கிறான் எண்டு ஆகிலா நினைச்சா. அவனுக்காக ஒரு வரியை விட்டா, இவ்வளவு நாளும் எழுதின தாளெல்லாம் கச்சான் கடலை சுத்தத்தான் உதவும். முகத்தைக் கழுவிட்டு, அபாயாவைப் போட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு சொறிக்கல்முனைக்குப் போனா.

ஆலை வாசல்ல மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு நிண்ட ஆளிட்டயே கேட்டா. ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக் காரை இடிச்ச மெசின் ஆர்ட? அந்த ஆள்ட முகம் செத்துப்போச்சு. கைச்சைகையாலயே அவவை மதிலுக்கு அங்கால கூட்டிப் போனார். அவர்தான் பிரசாந், மெசினை ஓட்டினவர். மெசின்ட முதலாளி இப்ப உள்ளுக்குத்தான் நெல்லு நிறுத்துக்கிட்டு இருந்தார். இன்னொருக்கா எங்கயும் இடிச்சா வேலை இல்ல எண்டு அவர் சொல்லி ஒரு கிழமையில நடந்த இடி அது. முதலாளிக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியா.

"அக்கா, அந்தக் கார்க்காரர் உங்கள அனுப்பினவரா?" எண்டு பிரசாந் கேட்டார். "அனுப்பியிருக்கமாட்டார். திருத்துற செலவு முழுக்க தன்ட எண்டவர். பொருந்திக்கிட்டன், மன்னிச்சிட்டன், இந்தக் கதை என்ட வாயால வராது எண்டு கைதந்த மனிசன்."

ஆகிலா மதிலால எட்டி ஆலைப் பக்கம் பார்த்தா. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கேட்டிருந்தா ஒரு குடும்பத்துச் சோத்தில மண் விழுந்திருக்கும். தம்பி மறைச்சது விலைக்காக இல்ல, குடுத்த வாக்குக்காக. ஆறு வருசமாக் கூடப்பிறந்தவளுக்கே சொல்லல்ல. வெக்கத்தில அவவுக்குக் கண் கலங்கிச்சு. ஒரு மனிசருக்கும் தெரியவராது எண்டு பிரசாந்துக்குச் சொல்லிட்டுத் திரும்பினா.

இனி என்ன செய்யிற? எழுதினா தம்பிட வாக்குப் போகும், எழுதாட்டி வாங்குறவருக்குத் துரோகம். கடைசியில பேனையை எடுத்தா. முன்பக்கம் பலமான இடி. இடது செசி நுனி இழுத்து நேராக்கினது. மட்கார்ட், ரேடியேட்டர் மாத்தினது. பொனட் தட்டி பெயின்ட் அடிச்சது. காருக்கு நடந்ததில ஒரு சொல்லும் குறையல்ல. இடிச்சது மெசினா, மாடா, எந்த ஊர் எண்டு ஒரு சொல்லும் இல்ல. கீழ கையெழுத்துப் போட்டா.

வாங்க வந்தவர் காரைதீவு வாத்தியார் ஜீவராஜ். அஹ்ஸனும் பக்கத்தில நிண்டான். தாளைப் பார்த்ததும் ராத்தாவை முறைச்சான். வாத்தியார் வரி வரியா வாசிச்சு முடிச்சு, இடிச்சது ஆரு எண்டு அஹ்ஸனைக் கேட்டார். அஹ்ஸன் வாயைத் திறந்தான். அதுக்குள்ள ஆகிலா முந்திட்டா.

"சேர், வாகனத்துக்கு நடந்தது முழுக்க அதில இருக்கு. குறைஞ்சிருந்தா என்னைக் கேளுங்க. ஆரு இடிச்ச எண்டுறது, அவங்க ரெண்டு பேரும் முடிச்சுக்கிட்ட விசயம். அது விக்கிற சாமான் இல்ல."

வாத்தியார் காரைத் தன்ட டிங்கரிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். தாளில இல்லாத ஒரு குறையும் அந்த ஆளுக்குக் கிடைக்கல்ல. விலையில கொஞ்சம் குறைச்சுக் கேட்டு, அண்டைக்கே எடுத்துக்கிட்டுப் போனார்.

கார் கேற்றைத் தாண்டினதும் அஹ்ஸன் வந்து கதிரையில இருந்தான்.

"நான் மதில்ல இடிச்ச எண்டு பொய் சொல்லப் பார்த்தன், ராத்தா."

"தெரியும். அதுக்குத்தான் முந்தினன்." ஆகிலா அவனுக்குப் பக்கத்தில இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டா. "நான் சொறிக்கல்முனைக்குப் போனன் தம்பி. நீ காசுக்கு மறைக்கிறாய் எண்டு நினைச்சிட்டன். என்னைப் பொருந்திக்க."

அஹ்ஸன் தலையைக் குனிஞ்சான். நிமிர்ந்தப்ப கண் சிவந்திருந்திச்சு, வாய் சிரிச்சிச்சு.

"பொருந்திட்டன். இதையும் ஒரு தாள்ல எழுதிப்போடாதீங்க."