கையுறைக்குள் அடங்காத பொத்தான்

வீட்டின் முன்னறையில் இரண்டு கணினிகளைப் போட்டுக்கொண்டு, சிறு நிறுவனங்களின் கைக்கணினிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. மருந்துகளை உறைகுளிரில் வைத்திருக்கும் ஒரு கிடங்கு கேட்டபோதும் எழுதிக்கொடுத்தாள். பெட்டியை ஸ்கேன் செய்து எண்ணிக்கையைத் தட்டினால் போதும். திரை கண்ணைப் பறிக்கிறது என்று மேலாளர் மெச்சினார்.

கருவிகளைக் கொடுக்கப் போனபோதுதான் அங்கே ஆட்களுக்கு மேஸ்திரி தன் அண்ணன் என்று தெரிந்தது. அவள் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து ஏழு வருடமாக அவன் அவள் முகத்தில் முழித்ததில்லை. அன்றும் சுவரைப் பார்த்தபடியே கருவியை வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் அவள் மேலாளர் அறையில் இருந்தபோது அண்ணன் உள்ளே புகுந்து கருவியை மேசைமேல் எறிந்தான்.

"எழுதினவங்களையே உள்ள வந்து அமுக்கச் சொல்லுங்க சார்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அமுக்கத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"தெரியலையா? வாங்க மேடம், காட்டுறேன்."

யாருடையதோ ஒரு தடித்த கோட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போனாள். பொத்தான் நகத்தளவு, கையுறை விரலோ கட்டை மாதிரி. 'சரி'யைத் தொட்டால் 'அழி' விழுந்தது. கையுறையைக் கழற்றினாள். ஐந்தாவது பெட்டிக்கு வருவதற்குள் விரல் மரத்துவிட்டது. ஆட்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தன் வலதுகையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆட்காட்டி விரல் நுனி வெடித்து, பிளாஸ்திரிக்கு மேல் ரத்தம் கசிந்திருந்தது.

அவள் கருவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நான்கு நாளில் எல்லாவற்றையும் மாற்றினாள். திரையில் இரண்டே பொத்தான்கள், ஒவ்வொன்றும் பாதித் திரைக்கு. எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் கருவியின் பக்கவாட்டு விசைகள்.

மேலாளர் பார்த்துவிட்டுக் குதித்தார். "சின்னப் பிள்ளைங்க பொம்மை மாதிரி இருக்கு! உன்னை யாரு மாத்தச் சொன்னது?"

"அழகு பாக்க யாரும் அந்தக் குளிருக்குள்ள போறதில்ல சார்."

"அப்ப இதோட சரி. அடுத்த கிடங்குக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"பாத்துக்குங்க. ஆனா இங்க இதுதான் ஓடும்."

அண்ணன் கையுறையோடே நாலு பெட்டியை ஸ்கேன் செய்து பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரே தட்டலில் கணக்கில் ஏறியது.

"எல்லாத்துலயும் இதையே போடச் சொல்லு," என்றான், பக்கத்தில் நின்ற குமாஸ்தாவிடம்.

"அண்ணா, விரலுக்கு மருந்து போட்டியா?" என்றாள் அவள்.

அவன் திரும்பவில்லை. தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு குளிரறைக்குள் போய், கதவை அறைந்து சாத்திக்கொண்டான்.