பின்லாந்துக்காரிக்குத் தாள் புரட்டினவன்

லண்டன் ரயிலில் நான் யாருடைய காலை மிதித்தாலும், மிதிபட்டவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். பின்லாந்தில் பதினொரு வருசம் இருந்தேன். அங்கே மிதிபடுகிற தூரத்துக்கு ஒருவரும் வந்ததில்லை. மன்னாரில் என்றால் நான் யாருடைய மகன் என்று விசாரித்து, நான் வீடு போய்ச்சேர முன்னமே செய்தி போய்விடும். இப்படிக் கால் வைக்க இடம் தெரியாதவனாக 2009 தொடக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் குடியேறினேன். கையில் பின்லாந்துக் கடவுச்சீட்டு. வேலை, ஒரு இசை மண்டபத்தில் கதிரை அடுக்குவது.

ஐப்பசியில் ஹெல்வி என்ற பின்லாந்துப் பியானோக் கலைஞர் எங்கள் மண்டபத்தில் இரண்டு நாள் வாசிக்க வந்தார். வயது அறுபத்தேழு. ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் தபால்காரரின் மகளாகப் பிறந்து, பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் தொடங்கி, ஐரோப்பா முழுக்க இசைத்தாளே பாராமல் வாசித்துப் பேரெடுத்தவர். ஒருநாள் மேடையில், பாதி வாசிப்பில், அடுத்தது என்னவென்று மறந்துபோயிற்று. எழுந்து போனவர் எட்டு வருசம் மேடை ஏறவில்லை. இப்போது திரும்பி வருகிறார். தாளைப் பார்த்துத்தான் வாசிப்பார். பக்கத்தில் இருந்து தாள் புரட்ட வேண்டியவரோ காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"நீ பின்லாந்துக்காரன்தானே? இசையும் தெரியும் என்றாயே" என்றார் மனேஜர். வேலை கேட்டபோது நான் விட்ட அளப்பு அது. முழுப் பொய்யுமில்லை. மன்னாரில் பதினாலு வருசம் பங்குக் கோவிலில் ஓர்கன் வாசித்தவன் நான்.

பொன்முடிக்காரன் ஒருவனை எதிர்பார்த்திருந்த ஹெல்வி, என்னைக் கண்டதும் இன்னொரு கதிரை கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து போட்டுவிட்டு, அதில் நானே இருந்தேன். "தாள் புரட்டப்போகிறவன் நான்தான்" என்றேன், பின்னிஷில்.

அவர் தாள்கட்டை என் பக்கம் தள்ளினார். "ஏழாம் பக்கத்து அடியில் திருப்பி வாசிக்கச் சொல்லிக் குறி இருக்கும். நான் திருப்புவதில்லை. நேராக எட்டுக்குப் போ. இந்த முறையும் நான் எழுந்து போனால், பிறகு வரமாட்டேன்."

மன்னாரிலிருந்து நேரே லண்டன் வந்து சேர்ந்த என் மனைவி ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தேன். "மேடையிலையோ? நீங்களோ?" என்றாள். "அந்த மனிசி பாவமப்பா. தும்மிக் கிம்மிப் போடாதேங்கோ."

பயப்படுவதற்கு அந்த வருசம் எங்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு என் பயமெல்லாம் ஒரு தாள்.

ஏழாம் பக்கம் வரை நல்ல பிள்ளையாகப் புரட்டினேன். பிறகு அந்தக் குறி வந்தது. எங்கள் பங்கில் நற்கருணை வாங்க நிற்கிறவர்களின் வரிசை முடியுமட்டும் பாட்டு முடியக்கூடாது. குறியைக் கண்டால் பின்னுக்குப் புரட்டி மறுபடி தொடங்கவேண்டும். மூளை எட்டு என்றது. கை, கோவில் வரிசையை நினைத்துக்கொண்டு ஐந்துக்குப் போயிற்று.

ஹெல்வி நிமிர்ந்து பார்த்தார். முன்னால் இருந்தது அவர் வாசித்து முடித்த பக்கம். பதறிப் புரட்டினேன், வியர்த்த விரலில் தாள்கள் ஒட்டிக்கொண்டன. புனித அந்தோனியாரைக் கூப்பிட்டேன். அவர் தொலைந்ததைத்தான் தேடித் தருவார், தொலைத்தவனை என்ன செய்வாரென்று தெரியவில்லை. ஹெல்வி எழப்போகிறார், என்னால் எழப்போகிறார் என்று காத்திருந்தேன்.

பியானோ நிற்கவில்லை. ஹெல்வி கண்ணை மூடியிருந்தார். எட்டாம் பக்கம் முழுவதும் தாளில்லாமலே வந்தது. ஒருவழியாகச் சரியான இடத்தை விரித்துப் பிடித்தபோது, வாசிப்பு எங்கே நிற்கிறதென்று தேடிக்கொண்டிருந்தவன் நான்.

முடிந்தபின் ஒப்பனை அறையில் கோவில் வழக்கத்தைச் சொல்லி மன்றாடினேன்.

"அந்த வரிசை எவ்வளவு நீளம்?" என்றார்.

"பெருநாளென்றால் அரை மணித்தியாலம்."

யோசித்தார். "நாளைக்கும் வா. ஆனால் எட்டாம் பக்கம் வேண்டாம். மூடியே வை."

"தாள் இல்லாமலா? நிச்சயமாகவா?"

"யோ" என்றார், காற்றை உள்ளே இழுத்தபடி. பின்லாந்தில் பலர் ஆம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள், சொல்லைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதுபோல.

வெளியே பஸ் தரிப்பில் நின்றபோது ஜெசிந்தா போன் எடுத்தாள். "என்னப்பா, அந்த மனிசி கடைசிமட்டும் வாசிச்சு முடிச்சாவோ?"

"ஓம்" என்றேன். சொல் தமிழ்தான். மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஏன் இப்பிடி மூச்சு வாங்குது? படி ஏறுறியளோ?" என்றாள். நான் ஓரடிகூட அசையாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.