பூட்டிக் கிடந்த கழனி

காவாந்தண்டலத்தில் வீட்டிலிருந்தபடியே ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. கம்பெனி சென்னையில், கட்டுரைகள் எந்தெந்த நாட்டிலிருந்தோ வரும். நான் மல்லுக்கட்டி அடுக்கி அனுப்பிய கட்டுரையே வெளிவந்த பிறகு எனக்குப் பூட்டிக் கிடக்கும். காசு கட்டினால்தான் படிக்கலாம். சமைத்தவளுக்கே ஒரு வாய் சோறு கிடையாது என்றால் கோபம் வராதா? எனக்கு வரும். இப்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று, திறந்த பூட்டுப் படம் போட்டு, நிறையக் கட்டுரைகள் வருகின்றன. அந்தப் படத்தை வைக்கும்போது மட்டும் கைக்குத் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும்.

இதையெல்லாம் வீட்டில் யாரும் காதில் வாங்கியதில்லை, மாமனாரின் கழனி பூட்டில் மாட்டும்வரை.

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்து, அவர் கழனியில் இரண்டு போகம் மண்ணும் தண்ணீரும் எடுத்துப் போனாள். கட்டுரை வந்ததும் சொல்கிறேன் என்றாள். சொன்னபடி போனும் செய்தாள். தேடிப் பார்த்தால் தலைப்பு இருக்கிறது, உள்ளே போக வழியில்லை. பக்கத்துக் கழனிப் பங்காளி டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா, கழனி உன்து. உன்னையே உள்ள வுட மாட்றாங்களாமே?"

மாமனார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் உடனே போனை எடுத்தேன். அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். சில மாதம் கழித்துத் தன் கல்லூரி இணையதளத்தில் எல்லாருக்குமாகப் போட அனுமதி உண்டு, அதுவரை உங்களுக்கு மட்டும் ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றாள்.

"வாணாம்மா," என்றார் மாமனார். "என் கழனிய நான் ஒளிஞ்சிகினு பாக்கணுமா? அவன் அவன் போன்ல பாக்கட்டும். அப்ப நானும் பாக்கறேன்."

சரியான பிடிவாதம். அதிலிருந்து தினமும் காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தால், ஜன்னலுக்கு வெளியே வாயில் வேப்பங்குச்சியோடு நிற்பார்.

"தொறந்துச்சாம்மா?"

"இல்ல மாமா."

மழை வருமா என்று கேட்பதுபோலத் தெருவே கேட்க ஆரம்பித்தது. "ரெண்டு பேருக்கும் வேற பொயப்பே இல்ல," என்று முணுமுணுத்த மாமியாரும், அடுப்பிலிருந்து ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

ஒருநாள் காலை திறந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். என் சொந்தக் கட்டுரை வந்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

லிங்க்கை முதலில் பங்காளிக்கு அனுப்பச் சொன்னார் மாமனார். டீக்கடையில் ஆளாளுக்குப் போனில் திறந்தார்கள். நானும் கூடப் போய், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மண்ணைப் பற்றிய சமாசாரத்துக்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டினார்கள். படம் வந்ததும் ஒரே கூச்சல். பச்சைக் கழனி, பின்னால் சாய்ந்த ஒற்றைப் பனை.

"அண்ணன் கழனியேதான்," என்ற பங்காளி, அவராகவே இன்னொரு டீ சொன்னார்.

மாமனார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்த யாரு வேணா பாக்கலாமாம்மா?"

"யாரு வேணா பாக்கலாம் மாமா."

"வெளிநாட்ல கீறவன்?"

"அவனுந்தான்."

போனை என்னிடம் நீட்டினார். "அய்ய, ஒலகமே பாக்கற எடம். வேலி கீற லட்சணத்தப் பாரு," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழனிக்குக் கிளம்பினார்.

பின்னாலேயே பங்காளியும் எழுந்தார். படத்தின் இன்னொரு ஓரத்தில் அவருடைய வேலியும் தெரிந்தது.