அவளோட ரெண்டும் நெகட்டிவ்

இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டது. பை தைக்கும் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் வந்த பிடிப்பு என்று இரண்டு மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மார்பில் எங்கேயாவது பிடிப்பு வருமா? எனக்குப் புத்தி எங்கே போச்சோ. நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

பயாப்சி (ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது) செய்து, புற்றுநோய்தான் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. கட்டியில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை மட்டும் பாக்கி. நோய் எப்படிப்பட்டது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அதில் தெரியும் என்றார் டாக்டர். இருப்பேனா போவேனா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ரிப்போர்ட் மொபைலில் வந்தது. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து மகள் சுதா உரக்கப் படித்தாள்.

"ஈ.ஆர். பாசிட்டிவ். பி.ஆர். பாசிட்டிவ்."

கொரோனாவில் தாராவியில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். என் நாத்தனார் செல்வி சடாரென்று எழுந்து என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"தப்பா நெனச்சுக்கிடாதீய மைனி. ரெண்டு பாசிட்டிவ்னுல்லா சொல்லுதா!"

"ஹெர் டூ நெகட்டிவ்" என்று முடித்தாள் சுதா.

என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். டெம்போ ஓட்டுகிறவர். கம்பெனி வாசல் பலகைகளைப் படித்தே இங்கிலீஷ் கற்றதாகப் பெருமை வேறு.

"ஹெர்னா அவ. டூன்னா ரெண்டு. அவளோட ரெண்டும் நெகட்டிவ்! ஏட்டி, உனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல!"

"அப்பா, அது ஏதோ புரோட்டீன் பேருப்பா."

"நீ சும்மா கெட. காலேஜுக்குப் போனா எல்லாம் தெரிஞ்சிருமோ?"

அரை மணி நேரத்தில் சந்து முழுக்க ஜிலேபி. என் மார்புக்காக இத்தனை ஆம்பளைகள் என் வீட்டுக்காரரின் கையைக் குலுக்கியது அன்றைக்குத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நானும் ஒரு ஜிலேபி தின்றேன். நம்பிவிட ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை.

மறுநாள் இவர் என்னையும் ஜிலேபி டப்பாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், "ஆபரேஷன் கேன்சல்" என்றார். டாக்டர் ஒரு மராத்திக்காரப் பெண். காரணத்தைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு இந்தியில் பொறுமையாக விளக்கினார்.

ஹெர்-2 என்பது கட்டியை வேகமாக வளரவைக்கும் புரதம். எனக்கு அது அதிகமில்லை, அவ்வளவுதான். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள் (பெண் ஹார்மோனைப் பிடித்துக் கட்டிக்குத் தீனி போடும் புரதங்கள்). அவை பாசிட்டிவ் என்றால் மாத்திரை கொடுத்து அந்தத் தீனியை நிறுத்தலாம்.

"அப்போ பாசிட்டிவ் நல்லதா?" என்றார் இவர்.

"இந்த இரண்டும் நல்லதுதான். ஆனால் கட்டி இருக்கிறதே. எடுத்துத்தான் ஆக வேண்டும்."

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. அங்கேயே அழுதார். "ஒண்ணுமில்லன்னு நெனச்சிட்டேன்ட்டி" என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. டாக்டர்தான் டப்பாவைத் திறந்து ஒரு ஜிலேபி எடுத்துக்கொண்டார்.

கட்டியை எடுத்தார்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கு (கிருமியை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருக்கவில்லை. கீமோ இல்லாமல் கதிர்வீச்சோடு முடிந்தது. எல்லோருக்கும் இப்படி அமையாது. உங்கள் ரிப்போர்ட்டை டாக்டரிடமே கேளுங்கள். டெம்போ ஓட்டுகிறவரிடம் வேண்டாம்.

தழும்பைக் கண்ணாடியில் பார்த்தபோது தையல் ஒரு ஓரத்தில் இழுத்திருந்தது. எங்கள் பட்டறையாக இருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார்கள். முதலில் தொடவே பிடிக்கவில்லை. இப்போது குளிக்கும்போது கை தானாகப் போய் அதை விசாரித்துவிட்டு வருகிறது.

கடைசியில் அந்தத் தீனியை நிறுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினம் ஒன்று, ஐந்து வருஷத்துக்கு.

"அஞ்சு வருஷமா!" என்று இவர் தலையில் கை வைத்தார்.

நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரத்துக்கு அப்பால் எதையும் யோசிக்கப் பயந்து கிடந்தவள் நான். இருக்கப்போகிறவளுக்குத்தானே ஐந்து வருஷத்துக்கு எழுதுவார்கள்?

"ஏங்க," என்றேன், "இப்போ வாங்குங்க ஜிலேபி."