கோப்பில் இருந்த அண்ணைமார்

எனக்கும் இவருக்கும் ஒரே குடும்பப் பெயர். கலியாணம் செய்வதென்று முடிவெடுத்தபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஜெர்மனியில் பிறந்த எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று இருப்பது உண்மையில் அப்பாவின் அப்பாவுடைய பெயர். தகப்பன் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து எழுதிப் பழகியவர்கள் இங்கே வந்து இறங்கியதும், படிவத்தில் இருந்த ஒரு பெட்டிக்குள் அந்தத் தகப்பன் பெயர் போய் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். எங்கள் இருவரின் தாத்தாமாருக்கும் முருகனின் பெயர், ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கக்கூடிய பெயர். "பெயர் மாத்துற அன்ட்ராக் மிச்சம்" என்று நான் சொன்னேன். மருத்துவக் காப்புறுதி நிறுவனமொன்றில் நாள் முழுக்க மற்றவர்களின் அன்ட்ராக் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு விண்ணப்பம் குறைந்தாலும் எனக்குப் பெருநாள்தான்.

இவர் மியூனிக்கில் எஸ்-பான் ரயில் ஓட்டுகிறார். நான் கொலோனுக்கு அருகில் அம்மாவோடு இருக்கிறேன். இவருடைய அம்மா இவர் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார், அப்பா மூன்று வருடங்களுக்கு முன்பு. ஊரில் சொந்தம் என்று இவருக்கு யாரையும் தெரியாது. என் அப்பா எனக்கு ஒன்பது வயதில் இறந்தார். அம்மாவுக்கு இவரை முதல் நாளே பிடித்துவிட்டது. கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அம்மாவுக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

உயிரோடு இல்லாத பெற்றோரின் படங்களைக் கலியாண மண்டபத்தில் மாலை போட்டு வைக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அதற்காக இவர் ஒரு சுப்பர்மார்க்கெட் பையைக் கொண்டுவந்தார். இவருடைய அப்பா விட்டுப்போன படங்களும் தாள்களும் அதற்குள்தான் இருந்தன. "இதை நான் ஒருநாளும் முழுசாப் பாக்கேல்லை, அன்ரி" என்று மேசையில் கொட்டினார். மூன்றாவதோ நான்காவதோ படத்தில் என் கை நின்றுவிட்டது.

அகதிகளைத் தங்கவைத்த ஹைம் ஒன்றின் முற்றம். இரண்டு இளைஞர்கள் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் இவருடைய அப்பா. மற்றவர் என் அப்பா.

மீசை முளைத்தும் முளைக்காத என் அப்பா. அப்படியொரு அப்பாவை நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள், நாங்களோ ஒன்றும் தெரியாமல் கொலோனில் யாரோ ஒரு சிநேகிதியின் கலியாணத்தில் சந்தித்திருக்கிறோம். படத்தைத் திருப்பினேன். பின்னால் பேனாவால், இவருடைய அப்பாவின் கையெழுத்தில், "அண்ணையும் நானும்".

அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உது பேச்சுக்குச் சொல்லுறது. கடைக்காரரும் அண்ணைதான், பஸ்காரரும் அண்ணைதான்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் தாள் பார்க்கிறவள். பைக்குள் மிச்சமிருந்ததையும் அடுக்கத் தொடங்கினேன். அடியில் ஒரு பழைய அலுவலகக் கடிதம், ஒரே ஒரு பக்கம். இவருடைய அப்பாவுக்கு எங்கள் நகரத்து ஹைமில் இடம் ஒதுக்கிய உத்தரவு அது. காரணம் என்ற இடத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள்: அங்கே அவருடைய புரூடர் வசிக்கிறார். புரூடர் என்றால் உடன்பிறந்தவன். அதற்குப் பக்கத்தில் என் அப்பாவின் பெயர், பிறந்த திகதியோடு.

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் அவருடைய முகம் மாறிவிட்டது. "ஜெர்மன்காரன் சும்மா எழுதமாட்டான், பிள்ளை" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இருக்கிற விசித்திரமான நம்பிக்கை இது. இவருடைய அப்பாவின் சொந்தக் கையெழுத்து "பேச்சுக்கு". அலுவலகத் தட்டச்சு வேதம். எனக்கும் அதே நம்பிக்கைதான், அதனால் அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது.

அம்மாவின் முகம் மாறியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. என் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். வள்ளத்தில் ஏறியவர், போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரவேயில்லை. அப்பா அவரைத் "தம்பி" என்று மட்டும்தான் சொல்வாராம். பெயர் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பெரிய பிரயோசனம் இருந்திருக்காது. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு பெயர் என்று வந்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். கேட்டுப் பார்க்க அப்பாவின் பக்கத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அம்மா திருமணமாகி வருவதற்கு முன்பே இவருடைய அப்பாவை மியூனிக் இருக்கிற பவேரியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரே தாத்தா பெயர். "அண்ணையும் நானும்". புரூடர். காணாமல்போன ஒரு தம்பி. நாங்கள் சிரித்த அந்தக் குடும்பப் பெயர் திடீரென்று எங்களைப் பார்த்துச் சிரித்தது.

இவர் என் சித்தப்பாவின் மகன் என்றால் எனக்கு இவர் அண்ணன் முறை. கதை முடிந்தது. இதே இவர் என் மாமாவின் மகனாக இருந்திருந்தால் அம்மா அன்றைக்கே மேளக்காரருக்குச் சொல்லியிருப்பார். இரத்தத்தின் தூரம் ஒன்றுதான். ஒரு பக்கம் என்றால் மாலை, மற்றப் பக்கம் என்றால் பாவம். இதை ஜெர்மன்காரருக்கு விளங்கப்படுத்தவே முடியாது. திருமணப் பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு ஏற்கெனவே நாளும் நேரமும் குறித்த டெர்மின் இருந்தது, அங்கே நான் மெல்ல விசாரித்தேன். "குசேங் தானே? சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் அந்த அலுவலர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே. சித்தப்பா மகனுக்கும் மாமா மகனுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். அவருக்குப் பிரச்சினை இல்லைதான். அவர் என் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலைத்தேநீர் குடிப்பதில்லை.

எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் செத்துப்போன இரண்டு அப்பாமார் மேலும், அந்தச் சுப்பர்மார்க்கெட் பை மேலும். இவர் மேல்கூட. ஏனென்றால் இவர் ஒருநாள் தொலைபேசியில், "எனக்கு ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார் எண்டு நினைக்க ஒரு மாதிரி சந்தோசமாயும் கிடக்கு" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து நானே திரும்ப அழைத்தேன். சொந்தம் என்று ஒருவரும் இல்லாதவர் அப்படி நினைத்ததில் என்ன பிழை?

எச்சிலை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று இவர் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "துப்பிக் காட்டித்தான் சொந்தம் அறியவேணுமோ? என்னால ஏலாது." நானும் வேண்டாம் என்றேன், ஆனால் என் காரணம் வேறு. பரிசோதனை சொன்னால் அதற்குப் பிறகு பேச இடமில்லை. தாளில் என்றால் எங்காவது ஒரு பிழை இருக்கும் என்ற நப்பாசை. என் வேலையில் தினமும் பிழை பார்க்கிறேனே.

அதனால் இவர் தன் அப்பாவின் அகதி விண்ணப்பக் கோப்பு முழுவதையும் கேட்டு எழுதினார். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வாரிசு என்பதற்கு அத்தாட்சி எல்லாம் அனுப்பினோம். ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், காத்திருந்தோம். அந்த ஏழு கிழமையும் அம்மா கலியாணப் பேச்சை எடுக்கவில்லை, சேலைக் கடைக்காரர் அழைத்தால் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்தார்.

கோப்பு வந்த சனிக்கிழமை இவர் மியூனிக்கிலிருந்து காலை ரயிலில் வந்தார். தானே ஓட்டாத ரயிலில் இவருக்கு நம்பிக்கை குறைவு, அன்றைக்கு அந்தப் புகாரையும் மறந்திருந்தார். உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்திருந்தார். சமையலறை மேசையில் மூன்று பேரும் இருந்தோம். நான் விசாரணைப் பக்கங்களை எடுத்து, ஜெர்மனில் ஒருமுறை மனதுக்குள் வாசித்து, தமிழில் உரத்துச் சொன்னேன்.

ஊரிலிருந்து கொழும்புக்கு எப்படி வந்தீர்கள்? பஸ்ஸில். பஸ்ஸை ஓட்டிய புரூடர் என்னை முன்னால் இருத்தினார். கொழும்பில் எங்கே தங்கினீர்கள்? லொட்ஜ் வைத்திருந்த ஒரு புரூடரிடம். யார் பயணத்தை ஒழுங்கு செய்தது? ஒரு புரூடர். பெர்லினில் யார் வந்து கூட்டிச் சென்றது? வேறொரு புரூடர். அறையில் உங்களோடு யார் இருக்கிறார்கள்? நான்கு புரூடர்மார்.

வாசித்துக்கொண்டே போனபோது என் குரல் மாறுவது எனக்கே கேட்டது. இவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் பதினொன்று ஆகிவிட்டது. கடைசியாக வந்தவர் சிகரெட் கடைக்காரப் புரூடர். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனிதர் வாய்க்கு வாய் அண்ணை, அண்ணை என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்த்தவர் ஒன்றையும் விடாமல் புரூடர், புரூடர் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நாலாம் பக்கத்தில் கேள்வி: உங்களுக்கு எத்தனை சகோதரங்கள்? பதில்: மூன்று அக்காமார். நான் ஒரே ஆண்பிள்ளை. அதற்குக் கீழே ஊரின் பெயர், தாயின் பெயர், அக்காமார் மூவரின் பெயர்கள். ஒன்றும் என் அப்பாவின் வீட்டோடு ஒட்டவில்லை. பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'முரண்பாடு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். பாவம் அந்த மனிதர். ஒரு மரியாதைச் சொல்லுக்காகப் பொய்யராகி நின்றிருக்கிறார். இவர் அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அக்காமாரின், தன் மூன்று மாமிமாரின், பெயர்களையும் மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அப்ப முறை பிழையில்லை" என்று நான் எழும்பினேன். எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

"இரு. மிச்சத்தையும் வாசி" என்றார் அம்மா.

மிச்சம் ஒரேயொரு கேள்விதான். உங்களுக்குச் சகோதரன் இல்லை என்றால், யாரோடு இருக்க வேண்டும் என்று கேட்டு இந்த நகரத்துக்கு வந்தீர்களோ, அந்தப் புரூடர் யார்? பதிலை நான் ஜெர்மனில் வாசித்தேன். பிறகு தாளை இவர் பக்கம் தள்ளினேன். இவர்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"அவர் எனக்குச் சொந்தம் இல்லை. முதல் ஹைமில நான் சாப்பிடாமல் கிடந்தன். அவர் வந்து சோறு தந்தார். தனக்கு என்ர வயசில ஒரு தம்பி எண்டார். என்னை அண்ணை எண்டு கூப்பிடு எண்டு சொன்னார். ஒருத்தர் அப்பிடிக் கூப்பிட்டுக் கேட்டுக் கனகாலமாம்."

எனக்கு அப்பாவின் குரல் நினைவில்லை. அவர் சொன்ன ஒரு வசனம் இன்னொருவரின் கோப்பில், இன்னொரு மொழியில், இத்தனை வருடம் இருந்திருக்கிறது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்ரி, தம்பியா ஏற்றுக்கொண்டவர் எண்டாலும் முறை பிழைக்காதோ?" என்று கேட்டார். மேசைக்குக் கீழே இவருடைய காலை மிதித்தேன்.

"கூப்பிட்டதுக்கு முறை பாத்தால் யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் கலியாணம் கட்ட ஏலாது, தம்பி" என்றார் அம்மா. "அந்த மாமிமாரைத் தேடுங்கோ. மாப்பிள்ளைப் பக்கத்துக்கு ஆக்கள் வேணும்."

பிறகு அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, வாசிக்கத் தெரியாத எழுத்துகளைத் தடவியபடி சொன்னார்: "இந்த ஏழு கிழமையும் நான் ரெண்டையும் கேட்டுக் கும்பிட்டனான், பிள்ளை. இந்தக் கலியாணமும் நடக்கவேணும், உன்ர அப்பான்ர தம்பியும் கிடைச்சிருக்கவேணும் எண்டு. ரெண்டும் ஒண்டா நடக்காது எண்டு தெரியும். எண்டாலும் கும்பிட்டனான்."

"ரெண்டும் நடந்திருக்கு, அம்மா" என்றேன்.

அம்மா எழும்பிப் போய், இரண்டு பேரும் நிற்கும் அந்தச் சைக்கிள் படத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்தார். பிறகு, "ஓம்" என்றார்.