பிடிமண்ணோடு வந்த தாய்

எங்கள் ஊர்க் காளியம்மன் எனக்குச் செய்ததை என் வாயால் சொல்லவேண்டும் என்று பிள்ளையின் சிகிச்சை முடிந்த அன்றே நேர்ந்துகொண்டேன். அதனால் சொல்கிறேன். அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் செல்வி. முதுகுளத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். குண்டு மிளகாய் விவசாயம். மூன்று வருடங்களுக்கு முன் தை மாதம், மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டிருந்த நேரம், எங்கள் ஒரே மகள் காளீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு நான்கு வயது. காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருந்தது. காலில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. களத்தில் ஓடி விழுந்திருப்பாள் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். ராமநாதபுரத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "மதுரைக்குக் கெளம்புங்கம்மா, இன்னைக்கே" என்றார். மதுரையில் சொன்னார்கள், இரத்தப் புற்றுநோய் என்று.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் சாமி கும்பிடவில்லை. சண்டைதான் போட்டேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா காளி, உனக்கு என்ன கொற வச்சேன்? உம் பேரைத்தான புள்ளைக்கு வச்சேன்?" என்று வாய்விட்டுக் கேட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். தாயிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

மருந்து ஏற ஏறப் பிள்ளைக்கு முடி கொட்டிவிட்டது. நான் அழுத அழுகை கொஞ்சம் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஊருக்கு வரும்போது ஓர் அம்மா அவள் தலையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்குத்தா மொட்டை?" என்று ஆசையாகக் கேட்டார். என் கணவர் முருகேசன்தான், "எங்க ஊர்க் காளியம்மனுக்கு" என்று பட்டென்று சொன்னார். அதன் பிறகு யார் கேட்டாலும் பிள்ளையே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிடுவாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு!

பங்குனியில் எங்கள் கோயில் பொங்கல். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் டாக்டர் கொஞ்ச நாள் வீட்டுக்குப் போகச் சொன்னார். "கூட்டத்துக்குள்ள கொண்டுபோகாதீங்க. காய்ச்சல் அடிச்சா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம இங்க வந்துருங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். பிள்ளைக்காக அக்கினிச்சட்டி எடுப்பதாக என் கணவர் நேர்ந்திருந்தார். கையில் காப்புக் கட்டிக்கொண்டார். நான் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் இருக்கிறவர்கள் யாரும், சின்னப் பிள்ளை உட்பட, திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. பகலில் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். தங்கினால் சாமி குத்தம். காலங்காலமாக யாரும் மீறியதில்லை. ஊருக்கு வந்த சந்தோஷத்தில் நாங்கள் இரண்டு பேருமே இதை யோசிக்கவில்லை.

சட்டி எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். உடனே வரச் சொன்னார்கள், வந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். சேர்த்தால் இரவு தங்கித்தான் ஆகவேண்டும். என் கணவர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து ஊரிலிருந்து வேன் வந்தது. எல்லையில் இருக்கிற கோயிலைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போகவேண்டும். கோயில் வாசலில் என் கணவரின் பெரியப்பா, கோயில் காரியங்களை முன்நின்று நடத்துகிற பெரியதனம், வண்டியை மறித்தார்.

"முருகேசா, புள்ளைக்காகத்தான காப்புக் கட்டிருக்க? அவளே பாத்துக்கிடுவா. மாத்திரையக் குடுத்து, துன்னூறு பூசிப் படுக்கப் போடு. நாளைக்குச் சட்டிய எறக்கிட்டுப் போயிரு."

அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் அவருக்கும். எனக்கும் அதே பயம் இருந்தது. போனால் சாமி குத்தம், போகாவிட்டால் பிள்ளை இல்லை. மடியில் அவள் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

வேனில் இருந்தபடியே சன்னிதியைப் பார்த்துக் கத்தினேன். "தாயே, உன் கட்ட மீற எனக்குத் தெம்பில்ல. எம்புள்ளைய இங்கன வச்சுச் சாகவிடவும் மாட்டேன். நீயே ஒரு வழி சொல்லு. இப்பவே சொல்லு!"

அப்போது பொங்கல் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார் என் மதினி முத்துலட்சுமி. என் கணவரின் அக்கா, கோயிலில் சாமியாடுகிறவர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைக்கிற குழம்பிலிருந்து கட்டுகிற சேலை வரைக்கும் அவருக்கு ஒன்றும் பிடிக்காது. இன்னும் என்ன சொல்லப்போகிறாரோ என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசல் வேப்பமரத்தடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். தம்பியின் தோளில் கிடந்த துண்டை உருவி, அதில் முடிந்து, அவர் கையில் கொடுத்தார்.

"பெரியப்பா, நம்ம ஆளுக இந்த ஊருக்குக் குடிவரும்போது அம்மாள எப்படிக் கொண்டாந்தாக? பழைய ஊர்க் கோயில் பிடிமண்ணாத்தான? அன்னைக்கு மண்ணோட வந்தவ இன்னைக்குப் போகமாட்டாளா? மண்ணு போற எடமெல்லாம் அவ எல்லதான். நீங்க யாரும் எல்லை தாண்டல. ஏலே முருகேசா, வண்டியில ஏறு. சட்டிய நான் எடுக்கேன்."

பெரியப்பா சன்னிதியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவரே வேன் கதவை இழுத்துச் சாத்தி, "வெரசாப் போப்பா" என்று டிரைவரை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் வேறு கூத்து. துண்டுமுடிச்சைப் பார்த்துவிட்டு சிஸ்டர் கத்தினார்: "மண்ணா? எதிர்ப்புச் சக்தியே இல்லாத புள்ள இருக்கற வார்டு இது. இந்த வாசலைத் தாண்டக் கூடாது!" அங்கேயும் ஓர் எல்லை! என் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. வளாகத்தில் ஒரு புங்கமரம் நின்றது. முடிச்சோடு போய் அதன் அடியில் உட்கார்ந்துவிட்டார். இருப்பு, படுக்கை எல்லாம் அங்கேதான். வார்டு ஜன்னலில் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் கீழேயிருந்து முடிச்சைத் தூக்கிக் காட்டுவார்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், "இன்னைக்கே வந்தீங்களே, அதுதாம்மா புள்ளையக் காப்பாத்துச்சு. நாளைக்குன்னு இருந்திருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுநாள் சாயங்காலம் ஊரிலிருந்து வீடியோ கால் வந்தது. முழங்கால் வலிக்காரியான என் மதினி இரண்டு கையிலும் நெருப்புச் சட்டி ஏந்தி வருகிறார். பிள்ளை கண் திறந்து பார்த்தாள். "அத்தைக்குச் சுடலையாம்மா?" என்றாள். சுடவில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில், "கஞ்சி வேணாம். மொளகாப் பொடி வச்சு இட்லி வேணும்" என்றாள். சிஸ்டர் பொடிக்கு விடவில்லை. வெறும் இட்லியைத் தின்றாள். அவள் பசி என்று கேட்டு எத்தனை நாளாயிற்று! அன்றைக்குத்தான் நான் அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு காய்ச்சலும் இறங்கியது.

மருந்தா, அம்மாளா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. மருந்து இருக்கிற இடத்துக்குப் போக வழிவிட்டவள் அவள். எனக்கு அது போதும்.

இப்போது சிகிச்சை முழுவதும் முடிந்து, பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறோம். காளீஸ்வரி இரண்டாம் வகுப்பு. முடி சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது. இந்தப் பங்குனிக்கு மொட்டை போடலாமா என்று கேட்டேன். "அதான் ஏற்கெனவே குடுத்தாச்சுல்ல?" என்று தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மதினி சிரித்துவிட்டார். இன்றைக்கும் அவர் என் குழம்பைக் குறைதான் சொல்கிறார். சொல்லட்டும், மகராசி. ஆயுசுக்கும் சொல்லட்டும்.

அந்த மண்ணை நாங்கள் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. கிளம்புகிற அன்று ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, என் கணவர் அதைப் புங்கமரத்தின் தூரில் போட்டார். அங்கேயே காப்பையும் அவிழ்த்தார்.

அதனால் ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்கு ஒன்று என்றால் நல்ல நாள், கெட்ட நாள் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அம்மாளை நம்பி ஓடுங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கே வர நேர்ந்தால், வளாகத்தில் ஒரு புங்கமரம் நிற்கும். கொஞ்சம் அதன் அடியில் உட்காருங்கள். தெரியாத ஊரில் தன்னந்தனியாக நிற்கிறோமே என்று கலங்க வேண்டாம். அது எங்கள் தாயின் எல்லை.