கொண்டக்டர் ஹென்றி

பக்கத்து வீட்டு ஹென்றி என் வீட்டில் நின்றபடிதான் தேநீர் குடிப்பார். கால்களை அகட்டி, ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொள்வார். நோத்ர-டாம்-த-கிரேஸ் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் அசைவதில்லை. அதை அவருடைய கால்கள் நம்புவதில்லை. கோப்பை காலியாகுமுன் தாழ்வாரத்தில் நாலு நடை நடந்துவிடுவார். "இருங்கோ, இருங்கோ" என்று எனக்குத்தான் வாய் உளையும்.

வயது எழுபத்தொன்பது. முப்பத்தெட்டு வருடங்கள் ரயிலில். படுக்கைப் பெட்டிகளில் கறுப்பரைப் போட்டராக மட்டுமே வைத்திருந்த காலத்தில் சேர்ந்த கறுப்பர். படுக்கை விரிப்பதும் சப்பாத்துத் துடைப்பதும் அவர்களுக்கு. டிக்கெட் வாங்கிச் சரிபார்க்கும் கொண்டக்டர் வேலை வெள்ளையருக்கு. அவருடைய ஆங்கிலம் என் காதில் எங்கள் பேச்சாகவே விழும்: "வாற வெள்ளைப் பெடியளுக்கு வேலை பழக்கினது நான். மூண்டாம் மாசம் அவங்கள் எனக்கு மேல." சங்கம் கூட்டி, மனு எழுதி, பதினேழு வருடம் சண்டை பிடித்துத்தான் கொண்டக்டர் ஆனார்.

போன மாதம் நான் ஒரு விசர் வேலை பார்த்தேன். பழைய ரயில்காரர்களின் படக்கண்காட்சிக்காக வட்டார மண்டபத்தார் விசாரித்து வந்தார்கள். "ஹென்றி ரயில்வேயில் போட்டர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். எங்கள் மட்டக்களப்பில் ரயில்வே உத்தியோகம் என்றாலே மதிப்பு. அதில் என்ன வேலை என்று அங்கே யார் கேட்பார்கள்? நான் சொன்னதைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து மனுஷன் நிலைகொள்ளவில்லை. ஒரே நாளில் மூன்று தரம் என் கதவைத் தட்டினார்.

"யோகராசா, நான் செத்தாப் பிறகும் அந்தப் படம் இருக்கும். அதில நான் ஆர்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மண்டபத்துக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்துத் திருத்திச் சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள், குறிக்கவில்லை.

சனிக்கிழமை படம் எடுக்க மண்டபத்துக்கு ஹென்றியோடு நானும் போனேன். படம் எடுக்கும் பேனாட் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு நாற்காலி, ஒரு சோடிச் சப்பாத்து, பிரஷ் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். உட்கார்ந்து துடைக்கச் சொன்னார். நான் வாய் திறக்க, ஹென்றி கையமர்த்தினார்.

நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். கோட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். பேனாட்டின் முன்னால் போய் நின்று கையை நீட்டி, "டிக்கெட்" என்றார்.

பேனாட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை; என்னைப் பார்த்தார். ஹென்றி நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் பேனாட் பையைத் தடவி ஒரு மெற்றோ ரயில் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். ஹென்றி அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். மூலையைக் கிள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். பேனாட் அவசரமாகக் கமெராவைத் தூக்கினார்.